தொலைவிலிருந்து கற்பித்தல்

இவ்வுரையை நிகழ்த்தும் நாம் இருப்பது ஒரு சிறிய அறை. எதிரே ஓர் ஒலிவாங்கி இருக்கின்றது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் இருக்கின்றார். கேட்போர் ஒருவரையும் நாம் காண்பதில்லை. நாம் சொல்வது உங்களுக்கு விளங்குகின்றதா, சலிப்பூட்டுகின்றதா, பாதியிலேயே வானொலியை நிறுத்திவிட்டீர்களா என்பதை அறியும் வழி இவ்வறையில் இல்லை. சொற்பொழிவுக்கு இக்குறை பெரிதன்று. கேட்க விரும்புவோர் கேட்பர், விரும்பாதோர் விடுவர். ஆனால், ஆசிரியர் ஒருவர் இதே நிலையில் அமர்ந்து, கண்ணுக்கு எட்டாத நாற்பது சிறுவர்க்குப் பாடம் சொல்ல நேர்ந்தால், இச்சிறு குறையே பெருங்குறை ஆகிவிடுகின்றது. அக்குறையை நீக்கும் வழி யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்த் தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள் கைப்பேசித் திரையே வகுப்பறை ஆயிற்று. அதுவரை கரும்பலகையன்றி வேறு துணை நாடாத ஆசிரியர் பலர், ஒரே கோடைக்குள் புதிய கருவியைக் கையாளக் கற்றனர். அவர்தம் முயற்சி போற்றற்குரியது. பள்ளிகள் திறந்ததும் இணையவழி வகுப்பு மறைந்துவிடும் என்று எண்ணியோர் உண்டு. அது மறையவில்லை. 2024 நவம்பரில் தலைநகர் தில்லியில் காற்று மாசு கடுமையானபோது, பள்ளிகள் மீண்டும் இணையவழி வகுப்புக்குத் திரும்பின. பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பையே இணையவழி நடத்துகின்றன. போட்டித் தேர்வுக்குப் பயில்வோரில் பலர் திரையின் முன்னமர்ந்தே பயில்கின்றனர். ஆகவே, இவ்வகுப்பைச் செவ்வனே நடத்துவது எங்ஙனம் என்னும் வினா, காலங்கடந்த வினா அன்று.

தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதும் அன்று. 1930களின் பிற்பகுதியிலேயே வானொலி பள்ளிச் சிறுவர்க்கெனப் பாடங்களை ஒலிபரப்பியது. 1959இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், தில்லிப் பள்ளிகளுக்கு அதன் வாயிலாகப் பாடங்கள் வந்தன. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை முடிய ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2004இல் கல்விக்கெனவே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. 2020 மே திங்களில், ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையில் பன்னிரண்டு வகுப்புகளுக்கும் தொலைக்காட்சி அலைவரிசைகள் அறிவிக்கப்பெற்றன.

இவற்றை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாடத்தை அனுப்பும் கருவி ஒவ்வொரு தலைமுறையிலும் நமக்குக் கிட்டியே வந்திருக்கின்றது. மாணாக்கரிடமிருந்து விடையைத் திரும்பப் பெறுவதிலேதான் இடர்ப்பாடு இருந்தது. அஞ்சல்வழிக் கல்வியை நடத்தியோர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். அச்சிட்ட பாடத்தை அனுப்பியதோடு அவர்கள் அமையவில்லை. மாணாக்கர் விடை எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர் அதனைத் திருத்திக் குறிப்பெழுதித் திருப்பியனுப்ப வேண்டும். ஆண்டில் சில நாட்கள் நேரில் கூடிப் பயில வேண்டும். இவ்வேற்பாடுகள் இல்லையெனில் அஞ்சல்வழிக் கல்விக்கும் புத்தகக் கடைக்கும் வேறுபாடு இராது.

இவ்வுண்மையை நம் இலக்கண நூலொன்று ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன்னரே கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் கூறுகின்றார். அவ்வளவில் நில்லாது கல்வி நிரம்பும் முறையையும் வகுக்கின்றார். ஆசிரியர் உரைப்பதை நன்றாக மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய இரு கால் பங்கும் நிரம்பும். இஃது அவர் காட்டும் கணக்கு.

இணையவழி வகுப்பை இக்கணக்கின்மேல் வைத்துப் பார்ப்போம். ஆசிரியர் உரை திரையில் வருகின்றது. ஆகவே முதற்கால் பங்கு வந்து சேர்கின்றது. வகுப்பறையிலோ, ஆசிரியர் முயலாமலே மற்றப் பங்குகளும் ஓரளவு நிகழ்ந்துவிடும். பக்கத்து இருக்கைச் சிறுவனிடம் ஐயம் கேட்கின்றான். இடைவேளையில் கணக்கைப் பற்றிச் சண்டையிடுகின்றான். கரும்பலகைக்கு அழைக்கப்பட்டு எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டுகின்றான். திரையில் இவை தாமாக நிகழா. நிகழுமாறு ஆசிரியர் ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைவிலிருந்து கற்பிக்கும் கலை பெரும்பாலும் இவ்வேற்பாட்டில் அடங்கியிருக்கின்றது என்பதே நம் கருத்து.

நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். 2020இல் நம் மகன் தில்லியில் ஆறாம் வகுப்பில் பயின்றான். கணக்கு வகுப்பு நாள்தோறும் திரையில் நடந்தது. ஆசிரியை தெளிவாகவே பாடம் சொன்னார். பின்னங்களைக் கூட்டும் முறையைச் சொல்லி முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்பார். நாற்பது பேரும் ஆம் என்பர். நம் மகனும் ஆம் என்பான். இவ்வாறு மூன்று வாரங்கள் சென்றன. பிறகு ஒருநாள், எல்லாரும் தத்தம் கணக்கேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புமாறு ஆசிரியை பணித்தார். வந்தவற்றைப் பார்த்த அவர் திகைத்துப்போனார். அரையும் மூன்றிலொரு பங்கும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு பங்கு என்று பலர் எழுதியிருந்தனர். மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டியதன் பயன் அது. நம் மகனின் ஏட்டிலும் அதுவே இருந்தது. மூன்று வாரங்களாக அவன் தவற்றை நாள்தோறும் பயின்று உறுதிப்படுத்திக்கொண்டிருந்தான். அருகிலேயே இருந்த நாமும் அதனை அறியவில்லை.

அந்த ஆசிரியை எவரையும் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள், ஒவ்வொருவரும் ஒரு சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருமாறு சொன்னார். அதனை ஆறு சம துண்டுகளாக வெட்டச் செய்தார். அரைச் சப்பாத்தி எத்தனை துண்டு என்று கேட்டார், மூன்று என்றனர். மூன்றிலொரு பங்கு எத்தனை என்றார், இரண்டு என்றனர். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஆறில் ஐந்து துண்டுகள் இருந்தன. "நேற்று நீங்கள் எழுதியது ஐந்தில் இரண்டு. அது பாதியிலும் குறைவு. பாதிச் சப்பாத்தியோடு இன்னும் சிறிது சேர்த்தால் பாதியிலும் குறைந்துபோகுமா?" என்று வினவினார். சிறுவர் சிரித்துவிட்டனர். அன்று மாலை நம் மகன் தன் தங்கையை அழைத்து, உணவு மேசையில் அதே கணக்கைச் செய்து காட்டினான். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்றுக்கு அவனால் விடை கூற இயலவில்லை. மறுநாள் வகுப்பில் அவன் முதன்முறையாகத் தானே கையுயர்த்தி ஒரு வினாவைக் கேட்டான். அது தங்கை கேட்ட வினாவே.

இந்நிகழ்ச்சியில் நாம் கூற விழையும் முறைகள் யாவும் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஆசிரியர் உரை. அது சுருக்கமாக இருத்தல் வேண்டும். 2020 சூலையில் நடுவண் அரசு இணையவழிக் கல்விக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரையில் நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகளே நடத்தலாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையில் நான்கு அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் 30 முதல் 45 நிமிடங்களுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்று அதில் வரையறுக்கப்பட்டது. அந்நெறிகளுக்குப் 'பிரக்யாதா' என்று பெயரிட்டனர். எட்டுப் படிகளின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது: திட்டமிடல், சரிபார்த்தல், ஏற்பாடு செய்தல், வழிகாட்டல், உரையாடல், பணி கொடுத்தல், தொடர்ந்து கவனித்தல், பாராட்டுதல். மொழிபெயர்ப்பே நம் அன்றாடத் தொழில் ஆதலின் சொற்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. இவ்வெட்டில் விரிவுரை ஆற்றுதல் என்பது இடம்பெறவில்லை. உரையாடல் இடம்பெற்றிருக்கின்றது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். அலுவலகக் கோப்பிலே நாம் எழுதும் நெடுந்தொடரைப் படிப்பவர், விளங்காவிடின் மீண்டும் முதலிலிருந்து படிக்கலாம். செவிக்கு அவ்வசதி இல்லை. கேட்டது கேட்டதே. இணைப்பு ஒரு நொடி அறுபட்டால் தொடரின் பயனிலையே மறைந்துபோகும். ஆதலின் இணையவழிப் பாடத்தில் தொடர்கள் குறுகியனவாகவும், முதன்மையான கருத்து இருமுறை கூறப்படுவதாகவும், சொற்கள் சிறுவரின் வீட்டில் வழங்குவனவாகவும் இருத்தல் நன்று. பாடநூலைத் திரையில் காட்டி வரிவரியாகப் படிப்பது கற்பித்தல் ஆகாது.

இரண்டாவது, வினாவும் மௌனமும். "புரிந்ததா?" என்பது வினாப்போல் தோன்றினும் வினா அன்று, ஆம் என்னும் விடையைத் தானே ஏந்தி வரும் சொல் அது. அதற்கு மாற்றாக, விளக்கத்தால் மட்டுமே விடை கூறக்கூடிய வினாவைக் கேட்டல் வேண்டும். கேட்டபின் காத்திருத்தல் வேண்டும். திரையில் நிலவும் மௌனம் ஆசிரியருக்கு அச்சமூட்டுவது. இரண்டு நொடி சென்றதும் தாமே விடையைச் சொல்லிவிடுவர். ஆனால், அம்மௌனத்தில்தான் மாணாக்கன் எண்ணுகின்றான். 1970களில் நடு அமெரிக்காவிலுள்ள நிகரகுவா நாட்டில், வானொலி வாயிலாகச் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்தனர். அவ்வொலிபரப்பிலே வினாவை எழுப்பியபின், சிறுவர் விடை சொல்வதற்கென்றே இடைவெளி விட்டுவைத்தனர். பின்னரே சரியான விடை ஒலித்தது. மறுமொழியைக் கேட்க இயலாத வானொலியே மறுமொழிக்கு இடம் விட்டதெனில், கேட்கும் வசதியுடைய இணையவழி வகுப்பு அவ்விடத்தை மறுக்கலாமா?

பேசக் கூசும் பிள்ளைகள் எழுதுவர். பாடத்தின் நடுவே இரண்டு நிமிடம் அளித்து, விடையைத் தாளில் எழுதித் திரைமுன் உயர்த்திக் காட்டச் சொல்லலாம். வாரத்திற்கு ஒருமுறை ஏட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். நாற்பது ஏடுகளையும் நாள்தோறும் திருத்துவது எவராலும் ஆகாது. நாளைக்கு எட்டு ஏடுகள் என்று பிரித்துக்கொண்டால் ஐந்து நாளில் வகுப்பு முழுவதும் அடங்கும். ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு குறிப்பு எழுதினாற் போதும். தன் ஏட்டை ஒருவர் பார்க்கின்றார் என்னும் நினைவே பிள்ளையைப் பாடத்தோடு பிணைத்துவைக்கும்.

மூன்றாவது, உடன் பயில்வார் கூட்டம். நால்வர் அல்லது ஐவரைக் குழுவாக அமைத்து, வகுப்பு முடிந்தபின் ஒரு கணக்கையோ ஒரு பத்தியையோ தமக்குள் ஆராயுமாறு விடலாம். குழுவில் ஆசிரியர் இருக்க வேண்டியதில்லை. மறுநாள் குழுவுக்கு ஒருவர் வந்து, தாங்கள் எங்கே மாறுபட்டோம் என்பதைக் கூறினாற் போதும். எந்த விடை சரி என்பதினும் எங்கே மாறுபட்டனர் என்பதே ஆசிரியருக்குப் பயன்படும் செய்தி.

நான்காவது, எடுத்துரைத்தல். இதற்கு இக்காலக் கருவி மிகவும் ஏற்றது. மாணாக்கன் தான் கற்றதை மூன்று நிமிடத்தில் தன் குரலிலே பதிவுசெய்து அனுப்பலாம். இல்லையேல் வீட்டிலுள்ள தங்கைக்கோ பாட்டிக்கோ சொல்லிக் காட்டி, அவர்கள் கேட்ட வினாவை வகுப்பிற்குக் கொண்டுவரலாம். பாட்டி எழுத்தறியாதவராக இருப்பினும் குறையில்லை. விளங்கவில்லை என்று அவர் கூசாமல் சொல்வார். அச்சொல்லே பிள்ளையை மீண்டும் எண்ணச் செய்யும்.

நேயர்களே, இதுவரை கூறியவை திரையின் முன் வந்து அமரக்கூடிய பிள்ளைகளைப் பற்றியன. வந்து அமர இயலாத பிள்ளைகளைப் பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடிப்பது நேர்மை ஆகாது.

நம் குடியிருப்பில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர் ஒருவர் இருக்கின்றார். 2020இல் அவருடைய மகள் நான்காம் வகுப்பு மாணவி. வீட்டில் ஒரே கைப்பேசிதான் இருந்தது. வாடிக்கையாளர் அழைப்பதும் அதில்தான். காலை எட்டு மணிக்கு அதனை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுவார். வகுப்போ பத்து மணிக்கு. மாலையில் அவர் திரும்பும்போது வகுப்பும் முடிந்திருக்கும். கருவியில் மின்னூட்டமும் தீர்ந்திருக்கும். பள்ளி திறந்தபோது, முன்பு இந்திப் பாடநூலை வேகமாகப் படித்துவந்த அப்பெண் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதே குடியிருப்பில் வாழ்ந்த நாம், நம் மகனின் பின்னக் கணக்கைப் பற்றிக் கவலையுற்ற அந்நாட்களில், அவளைப் பற்றி ஒருமுறையேனும் விசாரித்தோமில்லை. அதனை எண்ணுந்தோறும் நாணம் மிகுகின்றது.

அவள் ஒருத்தி அல்லள். ஊரகக் குடும்பங்களைப் பற்றிய 'அசர்' ஆய்வறிக்கை 2021இல் ஒரு செய்தியைத் தெரிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் திறன்பேசி உடையவை 2018இல் நூற்றுக்கு 36.5; 2021இல் 67.6. மூன்றாண்டில் நேர்ந்த இவ்வளர்ச்சி பெரிது. ஆனால், திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளிலும் நூற்றுக்கு 26 பேருக்கு அது கைக்கு எட்டவில்லை. வீட்டில் கருவி இருப்பதும் பிள்ளையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆகவே இணையவழி வகுப்பு நடத்தும் ஆசிரியர், முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டிய வினா ஒன்று உண்டு: கருவி எவரிடம், எந்த நேரத்தில் இருக்கின்றது? விடை தெரிந்தால் வழியும் புலப்படும். மாலையில் மட்டும் கருவி கிடைக்கும் பிள்ளைக்குப் பாடத்தின் ஒலிப்பதிவை அனுப்பிவைக்கலாம். படத்தினும் ஒலிக்கு இணையச் செலவு குறைவு. இணையமே இல்லாத வீட்டிற்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசலாம். அருகில் வாழும் இரு மாணாக்கரை இணைத்து, ஒருவர் ஏட்டை மற்றவர் கண்டெழுதச் செய்யலாம். வகுப்புக்கு இரண்டு நாள் வாராத பிள்ளையின் வீட்டிற்கு மூன்றாம் நாள் ஒருவர் பேச வேண்டும் என்பதை விதியாகவே கொள்ளலாம்.

கருவி இல்லாத இடத்தும் ஆசிரியர் வாளா இருந்துவிடவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், 2020இல் மரங்களிலும் சுவர்களிலும் ஒலிபெருக்கிகளைக் கட்டிப் பாடம் சொன்னார்கள். மகாராட்டிரத்தின் சோலாப்பூரில், வீட்டுச் சுவர்களிலே பாடங்களை வண்ணத்தில் எழுதி, பிள்ளைகள் விலகி நின்று படிக்க வழிசெய்தார்கள். அங்கெல்லாம் கருவி எளியது. ஆனால் பிள்ளை எங்கே இருக்கின்றான் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் அருகமர்ந்து விடையை மெல்லச் சொல்லிக்கொடுப்பது அன்பின் செயலாகத் தோன்றும். அதனால் ஆசிரியரிடம் சென்று சேர்வது பொய்ச்செய்தியே. தவறான விடை ஆசிரியரிடம் செல்லட்டும். அதனைக் கண்டால்தான் அவர் சப்பாத்தி கொண்டுவரச் சொல்வார். மாலையில் பிள்ளையை நோக்கி, "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேட்பதை விடுத்து, "இன்று கற்றதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். கேட்டு, விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று கூறுங்கள்.

கருவிகள் இனியும் மாறும். இன்றைய திரை நாளை வேறொன்றாகும். எக்கருவி வந்தாலும் அது கொண்டுவந்து தருவது ஆசிரியர் உரையாகிய கால் பங்கே. எஞ்சிய முக்கால் பங்கும் மாணாக்கன் பேசுவதிலும் எழுதுவதிலும், தன்னொத்தாரோடு ஆராய்வதிலும், பிறர்க்கு எடுத்துரைப்பதிலும் இருக்கின்றது. அதற்கு நேரமும் இடமும் வகுத்துக் கொடுக்கும் ஆசிரியரே தொலைவிலிருந்தும் செவ்வனே கற்பிப்பவர் ஆவார்.

நாம் இவ்வறையிலிருந்து கூறியதும் கால் பங்குதான். இதில் கொள்ளத்தக்கது ஏதேனும் இருப்பின், உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பயிலும் பிள்ளை ஒன்றிடம் இன்று மாலையே சென்று, அது கற்றதைக் கேட்டுப் பாருங்கள். அப்பிள்ளையிடம் கருவி இருக்கின்றதா என்பதையும் கேளுங்கள்.